குழாயும் கால்வாயும்: பாடாங் செராய் வட்டாரத்தில் தண்ணீரின் வரலாறு

இராஜேந்திர சோழன் கடாரம் வென்றதைப் பற்றி எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் தயங்காமல் இரண்டு பக்கம் எழுதுவார்கள். அதே கடாரத்தில், அதாவது இன்றைய கெடாவில், உங்கள் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணி எந்த ஆற்றிலிருந்து வருகிறது, கழிப்பறையில் ஊற்றிய தண்ணி எங்கே போகிறது என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பு அமைதியாகிவிடும். ஆசிரியர் அறையில் கேட்டாலும் பெரும்பாலும் அதே கதைதான்.

வரலாறு என்றால் மன்னர், போர், ஒப்பந்தம் என்று மட்டும் படித்துப் பழகிவிட்டோம். ஆனால் பாடாங் செராய், லூனாஸ், கூலிம் வட்டாரத்தில் நம் முன்னோர் எத்தனை பேர் பிழைத்தார்கள், எத்தனை பேர் காய்ச்சலில் போனார்கள் என்பதைத் தீர்மானித்தது பெரும்பாலும் தண்ணீர்தான். இந்தக் கட்டுரை அந்தத் தண்ணீரின் கதையைச் சொல்கிறது. ஒரு கேள்வியை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு படியுங்கள்: ஒவ்வொரு காலத்திலும் தண்ணீருக்கும் கழிவுக்கும் யார் பொறுப்பு?

1. வயலுக்குப் போன தண்ணீர்

கெடா நெல் மாநிலம். ஆகவே இங்கே நீர் வரலாறு வயலிலிருந்துதான் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், முதலமைச்சராக இருந்த வான் முகமட் சமான் அலோர் ஸ்டாரிலிருந்து குருண் வரை ஏறக்குறைய 36 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கால்வாய் வெட்டச் செய்தார். இன்றும் அது வான் மாட் சமான் கால்வாய் என்றே அழைக்கப்படுகிறது. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த பெரிய திட்டமும் நெல்லுக்குத்தான். மூடா, பெடு அணைகளையும் அவற்றை இணைக்கும் சுரங்கவழியையும் கொண்ட மூடா நீர்ப்பாசனத் திட்டம் 1970இல் நிறைவடைந்தது. ஆண்டுக்கு ஒரு போகம் விளைந்த வயல்களில் இரண்டு போகம் விளையத் தொடங்கியது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தென் கெடாவின் நிலை வேறு. கூலிம் பக்கம் முதலில் ஈயம், பிறகு ரப்பர். 1909இல் ஆங்கிலோ-சயாம் ஒப்பந்தத்தின்படி கெடா பிரிட்டிஷ் செல்வாக்கின் கீழ் வந்தது. அந்தக் காலகட்டத்தில்தான் இந்த வட்டாரத்துக் காடுகள் பெருமளவில் அழிக்கப்பட்டு ரப்பர் தோட்டங்கள் எழுந்தன. விக்டோரியா, ஹென்றியட்டா, பாடாங் மேஹா, டப்ளின் என்று நாம் இன்றும் தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் கேட்கிற தோட்டங்களின் காலம் அது. அங்கே வந்து குடியேறிய மக்களுக்குக் கால்வாயும் இல்லை, பட்டணத்துக் குழாயும் இல்லை. ஓடை, கிணறு, மழை, இவைதான்.

பக்கத்திலேயே இருந்த பினாங்கோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். அங்கே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நீர்வீழ்ச்சியிலிருந்து பட்டணத்துக்குச் செங்கல் கால்வாய் வழியே தண்ணீர் கொண்டுவந்தார்கள். 1929இல் கில்மார்ட் நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. வணிகமும் கப்பலும் இருந்த இடத்துக்குக் குழாய் முதலில் வந்தது; பால்மரம் இருந்த இடத்துக்குக் கடைசியில் வந்தது.

2. லயமும் கிணறும்

தோட்டத்தில் குடியிருப்பு என்றால் லயம். வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் அறைகள், முன்னால் ஒரு நடை, பின்னால் ஒரு சாக்கடை. தண்ணீர் பொதுக் கிணற்றிலோ ஓடையிலோ. பின்னாளில் லயத்துக்கு ஒரு பொதுக் குழாய் வந்தது. விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும் முன்னே தண்ணி பிடித்து வைத்துவிட வேண்டும். அந்த வேலை பெரும்பாலும் பெண்கள் தலையிலும் பிள்ளைகள் தலையிலும்தான் விழுந்தது. உங்கள் பாட்டியிடம் கேட்டால், "குடத்தை வரிசையில வெச்சிட்டு வந்துதான் பல்லு விளக்குவோம்" என்கிற மாதிரியான பேச்சு நிச்சயம் வரும்.

கழிப்பறை? பல தோட்டங்களில் தொடக்க காலத்தில் அது பேருக்குத்தான். ஆட்கள் ரப்பர் காட்டுக்குள்ளேயும் ஓடைக் கரையிலும் ஒதுங்கினார்கள். அதை அவர்களின் பழக்கம் என்று அன்றைய துரைமார்கள் எழுதி வைத்தார்கள். நூறு பேருக்கு நாலு கக்கூசு கட்டிவிட்டு, அதையும் சுத்தம் செய்ய ஆள் வைக்காமல் விட்டால் யாரும் அப்படித்தான் ஒதுங்குவார்கள். மாணவர்களே, மூல ஆவணங்களைப் படிக்கும்போது இதைக் கவனியுங்கள்: எழுதியவர் யார், யாருடைய செலவை மிச்சப்படுத்த எழுதினார் என்று கேளுங்கள்.

3. இரண்டு எதிரிகள்: கொசுவும் கொக்கிப்புழுவும்

தோட்டங்களில் உயிர்களை வாங்கியவற்றில் முதலாவது மலேரியா. கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்பதற்கு ரொனால்ட் ராஸ் 1897இல் இந்தியாவின் செகந்திராபாத்தில் சான்று கண்டார். சில ஆண்டுகளுக்குள், 1901இல், மருத்துவர் மால்கம் வாட்சன் கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் சதுப்பு நீரை வடித்து மலேரியாவைக் குறைத்துக் காட்டினார்.

ஆனால் மேட்டு நிலத் தோட்டங்களில் அதே வைத்தியம் பலிக்கவில்லை. காரணம் சுவாரசியமானது. அனோபிலிஸ் மாக்குலாட்டஸ் என்ற கொசு வகை அழுக்குக் குட்டையில் வளர்வதில்லை. வெயில் படும் தெளிந்த ஓடையில் வளர்கிறது. காடு நிழல் தந்த வரை ஓடைகளில் அது அதிகம் இல்லை. ரப்பர் நடக் காட்டை வெட்டியதும் ஓடையில் வெயில் விழுந்தது, கொசு பெருகியது. அதாவது, தோட்டத்தை உருவாக்கிய வேலையே தோட்டத்துக்காரர்களைக் கொன்றது. பிறகு நிலத்தடிக் குழாய் பதித்து நீரை வடிப்பது, ஓடையில் எண்ணெய் தெளிப்பது என்ற முறைகள் வந்தன. எண்ணெய் பம்பைத் தோளில் சுமந்து ஓடை ஓடையாக நடந்தவர்களும் நம் ஆட்களே.

இரண்டாவது எதிரி கொக்கிப்புழு. மலத்தோடு வெளியேறும் முட்டை ஈர மண்ணில் பொரிக்கிறது. அதிலிருந்து வரும் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் போய், கடைசியில் குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிறது. விடியற்காலையில், பனி ஈரத்தில், செருப்பில்லாமல் பால் வெட்டப் போகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான நோய் இருக்க முடியாது. 1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் அறநிறுவனம் அனுப்பிய குழு ஒன்று, சாமுவேல் டார்லிங் தலைமையில், மலாயாவில் இதை ஆராய்ந்தது. சோகை பிடித்து, மூச்சு வாங்கி, மெதுவாக நடந்த தொழிலாளியை "சோம்பேறி" என்று கங்காணியும் கிராணியும் திட்டினார்கள். அவன் உடம்பில் இரத்தம் இல்லை என்பதுதான் உண்மை. மருந்து மட்டும் போதாது, ஒழுங்கான கழிப்பறை வேண்டும் என்பது அன்றே தெரிந்த பாடம்.

கூட்டரசு மலாய் மாநிலங்களில் 1912இன் தொழிலாளர் சட்டத் தொகுப்பு தோட்ட முதலாளிமார்களுக்குக் குடியிருப்பு, குடிநீர், சுகாதாரம், மருத்துவமனை பற்றிய கடமைகளை விதித்தது. ஆக, முதல் கட்டத்தில் பொறுப்பு முழுவதும் தோட்ட நிர்வாகத்திடம். தண்ணீர் கெட்டால் தொழிலாளி கேட்க வேண்டியது துரையிடம். துரையிடம் கேட்பது எவ்வளவு சுலபம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

4. பட்டணத்துப் பின்சந்து

தோட்டத்தில் ஓடை என்றால், பட்டணத்தில் வாளி. பழைய கடைவீடுகளின் பின்னால் ஒரு குறுகலான சந்து ஓடுவதைக் கூலிமிலும் சுங்கை பட்டாணியிலும் பார்த்திருப்பீர்கள். மலாயாப் பட்டணங்களில் அந்தச் சந்துகள் தீ தடுப்புக்கும் சுகாதாரத்துக்கும் என்று திட்டமிட்டு விடப்பட்டவை. கழிப்பறை வாளியை வீட்டுக்குள் நுழையாமல் பின்புறமாக எடுத்துப்போக அதுவே வழி. வாளி எடுக்கும் வேலையில் இந்தியத் தொழிலாளர்களும் சீனத் தொழிலாளர்களும் இருந்தார்கள். ஊர் விழிக்கும் முன்னே வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். இந்த முறை சில ஊர்களில் 1970கள் வரைகூட நீடித்தது.

இந்த வேலை செய்தவர்களைக் குறித்த சொல்லை நம் பிள்ளைகள் இன்றும் வசைச்சொல்லாகப் பயன்படுத்துகிறார்கள். அதைக் காதில் கேட்டால் ஆசிரியர்களாகிய நாம் சும்மா கடந்துபோகக் கூடாது. பட்டணங்களில் வாந்திபேதி பரவாமல் காத்த வேலை அது. அவர்களில் யாருடைய பெயரும் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

உலகம் முழுவதும் கதை இப்படித்தான். 1854இல் லண்டனில் மருத்துவர் ஜான் ஸ்நோ ஒரு தெருப் பம்பின் தண்ணீரிலிருந்தே காலரா பரவியது என்று காட்டினார். ஆனால் 1858 கோடையில் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த பிறகுதான் பெரிய பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கினார்கள். சென்னையிலும் 1772இல் ஏழு கிணற்றுத் திட்டம் முதலில் கோட்டைக்கு நீர் தரவே அமைந்தது. ஊர் மக்களுக்குக் குழாய் நீர் கிடைக்க இன்னும் நூறு ஆண்டு ஆனது. நாற்றமும் நோயும் மேலே இருப்பவர்களைத் தொடும் வரை கீழே இருப்பவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

5. சுதந்திரத்துக்குப் பிறகு

1968இல் சுகாதார அமைச்சு கிராமப்புறச் சுற்றுச்சூழல் சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று அது பக்காஸ் என்ற சுருக்கப் பெயரில் அறியப்படுகிறது. தண்ணீர் ஊற்றிக் கழுவும் எளிய கழிப்பறை, பாதுகாக்கப்பட்ட கிணறு, மலையோடையிலிருந்து குழாய்வழி நீர் என்று குறைந்த செலவில் பெரிய மாற்றம் நடந்தது. ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கம்பத்துக்கு அரசாங்கம் போனது. தோட்டம் தனியார் நிலம். ஆகவே தோட்டத்து வசதிகள் தொடர்ந்து நிர்வாகத்தின் கையிலேயே இருந்தன. நாடு சுதந்திரம் அடைந்து 33 ஆண்டுகளுக்குப் பிறகு, தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டம் 1990, அதாவது சட்டம் 446, தோட்ட முதலாளி இலவசமாகப் போதிய குழாய் நீர் தர வேண்டும் என்பதைத் தெளிவாக வலியுறுத்தியது.

அதற்குள் இன்னொரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. ஆற்றை அழுக்காக்கியது குடியிருப்பு மட்டும் இல்லை. ரப்பர்ப் பால் உறையவைத்த ஆலைக் கழிவும் செம்பனை ஆலைக் கழிவும் ஓடைகளில் நேராக இறங்கின. 1974இன் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், 1977இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கும் 1978இல் ரப்பர் ஆலைகளுக்கும் தனி விதிமுறைகள் வந்தன. ஓடைகள் ஓரளவு மூச்சுவிட்டன.

6. தோட்டம் தாமான் ஆனபோது

1980களிலும் 1990களிலும் தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புப் பகுதி வந்தது. 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. சிப்பு செய்யும் தொழிற்சாலைக்கு மிக மிகத் தூய்மையான நீர் நிறைய வேண்டும். பால் வெட்டியவர்களின் பிள்ளைகள் அந்தத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலைக்குப் போனார்கள். லயத்திலிருந்தவர்கள் மலிவுவிலை வீடுகளுக்கு வந்தார்கள். தோட்டங்கள் மறைந்த பிறகும் அவற்றின் பெயரைத் தமிழ்ப்பள்ளிகள் சுமந்துகொண்டிருக்கின்றன.

தாமானுக்கு வந்ததும் குழாய் வீட்டுக்குள் வந்தது, கழிப்பறையும் வீட்டுக்குள் வந்தது. கூடவே பில்லும் வந்தது. பழைய வீடுகளில் கழிப்பறைக் கழிவு மட்டும் மலத்தொட்டிக்குப் போகும். பாத்திரம் கழுவிய நீரும் குளித்த நீரும் நேராக வாசல் சாக்கடைக்குப் போகும். பிறகு வந்த பெரிய வீடமைப்புகளில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்க வேண்டும் என்ற விதி வந்தது. கணக்கு இப்படி: ஒரு வீட்டுக்கு 5 பேர் என்று மதிப்பிடுவார்கள். 30 வீடு என்றால் 150 பேர். அந்த அளவைத் தாண்டினால் வீட்டுக்கு ஒரு தொட்டி போதாது, பொதுச் சுத்திகரிப்பு வேண்டும்.

தாமான் ஓரத்தில் வேலி போட்ட பச்சைக் குளம் ஒன்றைப் பார்த்திருந்தால், அது மீன் குளம் இல்லை, ஆக்சிஜனேற்றக் குளம். பாசி வெயிலில் ஆக்சிஜனை வெளியிடுகிறது. அந்த ஆக்சிஜனைக் கொண்டு பாக்டீரியா கழிவைத் தின்று தீர்க்கிறது. இயந்திரம் அதிகம் தேவையில்லை, இடமும் நேரமும்தான் தேவை. குளத்தில் சேறு நிறைந்துவிட்டால் வேலை நடக்காது.

1993வரை கழிவுநீர் ஊராட்சி மன்றங்களின் பொறுப்பு. 1993இல் கழிவுநீர்ச் சேவைச் சட்டம் வந்து அதைக் கூட்டரசின் கைக்கு மாற்றியது. இண்டா வாட்டர் நிறுவனம் சேவையை எடுத்துக்கொண்டது. தனியார் கையில் தொடங்கிய அந்த நிறுவனத்தை அரசாங்கம் 2000இல் முழுமையாக வாங்கியது. கண்ணுக்குத் தெரியாத சேவைக்குப் பணம் கட்டுவதா என்று அன்று மக்கள் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தில் ஒரு நியாயம் இருந்தது: குழாயைத் திறந்தால் தண்ணீர் தெரிகிறது, கழிவு போன இடம் தெரிவதில்லை.

7. இன்று யார் பொறுப்பு?

குடிநீர் மாநிலத்தின் அதிகாரத்தில் இருந்தது. 2005இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டு, தீபகற்பத்தில் நீர் விநியோகச் சேவை கூட்டரசுக்கும் மாநிலத்துக்கும் பொதுவான பட்டியலுக்கு மாறியது. ஆறும் அதன் மூலநீரும் மாநிலத்திடமே உள்ளன. நீர்ச் சேவைத் தொழில் சட்டம் 2006, 2008 தொடக்கத்தில் நடப்புக்கு வந்தது; ஸ்பான் எனப்படும் தேசிய நீர்ச் சேவை ஆணையம் கண்காணிப்பாளர் ஆனது. கெடாவில் 2010 முதல் சாடா நிறுவனம் குடிநீர் விநியோகத்தை நடத்துகிறது.

தேர்வுக்கும் வாழ்க்கைக்கும் உதவும் என்பதால் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்:

- குழாய் நீர்: சாடா
- கழிவுநீர்க் குழாய், பொதுச் சுத்திகரிப்பு நிலையம்: இண்டா வாட்டர்
- வீட்டு வாசல் மழைநீர்ச் சாக்கடை: ஊராட்சி மன்றம், பாடாங் செராய்க்குக் கூலிம் நகராண்மைக் கழகம்
- ஆறும் வெள்ளமும்: வடிகால், நீர்ப்பாசன இலாகா
- ஆற்றில் நச்சுக் கழிவு: சுற்றுச்சூழல் இலாகா
- இவற்றில் நீர், கழிவுநீர்ச் சேவைகளின் தரம்: ஸ்பான்

அந்தக் காலத்தில் ஒரே துரை. இந்தக் காலத்தில் ஆறு அலுவலகம். வாசலில் நாற்றமடிக்கும் நீர் தேங்கி நின்றால், அது சாக்கடையா, மலத்தொட்டியின் வழிவா, குழாய்க் கசிவா என்று முதலில் நமக்கே தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் ஒரு முகப்பிலிருந்து இன்னொரு முகப்புக்கு அலைவதுதான் மிச்சம்.

8. ஒரு குடியிருப்பாளனாக என் கருத்து

ஆசிரியராக மட்டும் இல்லாமல், இந்த வட்டாரத்தில் குடியிருப்பவனாகவும் மூன்று விஷயம் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, கசிவு. சுத்திகரித்த நீரில் பில்லுக்கு வராமல் போகும் பங்கு நாட்டளவில் மூன்றில் ஒன்றுக்கும் மேல். கெடாவில் அண்மைய ஆண்டுகளில் பாதியை ஒட்டி நிற்கிறது. பழைய குழாய் வெடிப்பது, கசிவது, மீட்டர் சரியாகக் காட்டாதது, திருட்டு இணைப்பு எல்லாம் இதில் அடக்கம். மூடா ஆற்றிலிருந்து பினாங்கும் தன் மூலநீரில் ஏறக்குறைய 80 விழுக்காட்டை எடுக்கிறது. அந்த ஆற்றுக்கு விலை யார் தருவது என்று இரு மாநிலங்களும் வாதிடுவதைச் செய்தியில் படிக்கிறோம். வாதம் நடக்கட்டும். ஆனால் உலு மூடா காடு இல்லாவிட்டால் ஆறே இல்லை. குழாய் ஒழுகினால் ஆறு இருந்தும் பயனில்லை. புதிய அணையைவிடப் பழைய குழாயை மாற்றுவதற்கு முன்னுரிமை வேண்டும் என்பது என் கருத்து. அணைக்குத் திறப்பு விழா உண்டு, மண்ணுக்குள் போகும் குழாய்க்கு இல்லை. அதனாலேயே அது பின்னுக்குப் போகிறது.

இரண்டாவது, கேட்பாரற்ற சுத்திகரிப்பு நிலையங்கள். நாட்டில் சில குடியிருப்புகளில் மேம்பாட்டாளர் கட்டிய நிலையம் முறையாக ஒப்படைக்கப்படாமல் கிடக்கிறது. முன்பு நான் வாடகைக்கு இருந்த ஒரு தாமானில் வேலி சாய்ந்து, மோட்டார் நின்று, புல் மண்டிக் கிடந்த ஒன்றை ஆண்டுக்கணக்கில் பார்த்தேன். வீடு வாங்கும் நம்மவர்கள் சமையலறை ஓடு என்ன நிறம் என்று கேட்கிறார்கள். கழிவுநீர் நிலையம் ஒப்படைக்கப்பட்டுவிட்டதா என்று யாரும் கேட்பதில்லை. இனிமேல் கேளுங்கள்.

மூன்றாவது, நம்ம பங்கு. மலத்தொட்டியை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது காலி செய்ய வேண்டும். பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் கட்டிதட்டி அடைத்துக்கொள்ளும். தீபாவளி முடிந்த வாரம் எத்தனை வீட்டில் அடைப்பு வருகிறது என்று நீங்களே கவனித்துப் பாருங்கள். லயத்தில் ஒரு குடத்துக்குக் காத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் குழாயைத் திறந்து விட்டுவிட்டுக் கைப்பேசி பார்க்கிறோம்.

லயத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கும் உரிமை இல்லை, இருந்தாலும் தெரியாது. நமக்குச் சட்டம் இருக்கிறது, அலுவலகம் இருக்கிறது, ஓட்டும் இருக்கிறது. இவ்வளவும் இருந்தும் கேட்காமல் இருந்தால் அந்த உரிமை காகிதத்தில் மட்டும்தான் இருக்கும்.

வகுப்பறைப் பயிற்சி

1. தோட்டங்களில் மலேரியாவும் கொக்கிப்புழுவும் பரவியதற்கான காரணங்களை, காடழிப்பு, குடியிருப்பு, வேலைமுறை ஆகியவற்றோடு தொடர்புபடுத்தி விளக்குக.
2. 1912, 1968, 1990, 1993, 2006 ஆகிய ஆண்டுகளைக் காலக்கோட்டில் குறித்து, ஒவ்வொன்றிலும் பொறுப்பு யாருக்கு விதிக்கப்பட்டது என்று எழுதுக.
3. உங்கள் வீட்டு நீர்க் கட்டணப் பில்லைக் கொண்டுவந்து, அதில் உள்ள ஒவ்வொரு வரியின் பொருளையும் தமிழில் விளக்குக.
4. தோட்டத்தில் வாழ்ந்த ஒரு முதியவரிடம் தண்ணீர், குளியல், கழிப்பறை பற்றிப் பத்துக் கேள்வி கேட்டு, பதில்களை அவர் பேச்சு மொழியிலேயே பதிவு செய்க. பெயர் போட அவர் சம்மதம் கேட்க மறக்காதீர்.

பில்லிலும் செய்தியிலும் வரும் மலாய்ச் சொற்கள்

லோஜி ராவாத்தான் ஆயர் – நீர்ச் சுத்திகரிப்பு நிலையம்
ஆயர் மெந்தா – மூலநீர்
ஆயர் தீடாக் பெர்ஹாசில் – வருமானம் தராத நீர்
பெம்பெதூங்கான் – கழிவுநீர்ச் சேவை
தாங்கி செப்டிக் – மலத்தொட்டி
லொங்காங் – மழைநீர்ச் சாக்கடை

நான்காவது பயிற்சியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சட்டத்தை எப்போது வேண்டுமானாலும் தேடிப் படிக்கலாம். லயத்துக் கிணற்றில் தண்ணி இறைத்தவர்கள் இன்னும் எத்தனை ஆண்டு நம்மோடு இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.